பழைய எக்ஸிக்யூட்டிவ் செடான் வாங்கி நெடுந்தூரம் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

நெடுவழி:

நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டியாக வேண்டிய வேலை என்பதால், பெரிய டீசல் செடான் ஒன்றைப் பழையதாக வாங்குவதென்று முடிவு செய்து தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கார் மனத்துக்குப் பிடித்தது. ஓடோமீட்டர் 92,000 காட்டியது, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் விடுபடாமல் இருந்தன, உள்ளேயும் வெளியேயும் குறை சொல்ல எதுவும் இல்லை. காலை 7 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கே போய்விட்டேன். சாவியை எடுத்து வர விற்பவர் வீட்டுக்குள் போன இடைவெளியில், எண்ணமெதுவும் இல்லாமல் பானெட்டின் மீது கையை வைத்தேன். சூடாக இருந்தது. கார் நின்றது கூரைக்கு அடியில், வெயிலும் இன்னும் ஏறவில்லை.

அவர் வந்ததும், "காலையில் எங்கேனும் போய் வந்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லை, நேற்று மாலையிலிருந்து இங்கேதான் நிற்கிறது" என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோது என் உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அப்படியிருந்தும் காரை வாங்கினேன்.

மறுநாள் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் முதல் ஸ்டார்ட் கொடுத்தபோது, தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் மூன்று நொடி கேட்டு நின்றது. என்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலியான டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது; இரவெல்லாம் நின்ற என்ஜினில் அதிலிருந்து ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் மீண்டும் ஏறும் வரை தளர்ந்த செயின், அதை வழிநடத்தும் கைடுகளின் மீது அடித்துக்கொள்ளும். ஒருமுறை ஓடிச் சூடான என்ஜினில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வெளியே வராது. அவர் எனக்கு முன்பே எழுந்து என்ஜினை ஓடவிட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. என் காரில் செயின் என்ஜினின் பின்பக்கம் இருந்ததால், அதை மாற்றுவதற்காக என்ஜினையே இறக்க வேண்டியதாயிற்று. செலவைக்கூட மறந்துவிட்டேன், பொய் என்று கை சொல்லியும் நான் தலையாட்டிக்கொண்டு நின்ற அந்த நிமிடம் மட்டும் மறக்கவில்லை.

டீசல் பக்கம்:

நண்பர் நெடுவழி அவர்களின் வருத்தம் புரிகிறது. ஆயினும் 92,000 என்ற எண்ணைப் பார்த்து அவர் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததைத்தான் நான் முதல் பிழை என்பேன். கார் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பதே கேள்வி. ஊருக்குள்ளேயே தினமும் நாலு கிலோமீட்டர் போய் நிற்கும் கார் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காருக்குக் கியர் மாற்றமும் குறைவு, பிரேக் தேய்மானமும் குறைவு.

நான் வாங்கியபோது என் கார் 2,80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, வேண்டாமென்று சொல்லாதவர் யாரும் இல்லை. பராமரிப்பு எப்படி என்று உரிமையாளரிடம் கேட்டதும், அவர் பதில் சொல்லாமல் டிக்கியைத் திறந்து, அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு முறை டீசல் நிரப்பியபோதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். புரட்டிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் "கூலண்ட் கால் லிட்டர் சேர்த்தேன், கவனிக்க" என்றும், இரண்டு வாரம் கழித்து "வாட்டர் பம்ப் கசிவு, மாற்றியாயிற்று" என்றும் எழுதியிருந்தது. அந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகு என்ஜினைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம்கூட எனக்குப் போய்விட்டது. அந்தக் கார் இப்போது 4,30,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் தம்முடைய 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார் என்பதும், 2004இல் அந்தக் கார் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது என்பதும் இங்குள்ளவர்கள் அறிந்ததுதான்.

இரவுப் பயணி:

நெடுஞ்சாலையில் ஓடிய கார் என்றாலே நல்ல கார் என்று மேலே உள்ள நண்பர் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1976ஆம் ஆண்டின் டீசல் என்ஜினுக்கு டி.பி.எஃப். என்ற புகைத்துகள் வடிகட்டி கிடையாது. இன்றைய காருக்கு உண்டு, அதில் சேரும் கரி வேறு, சாம்பல் வேறு. கரி ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் எரிந்து போய்விடும், சாம்பல் எரியாது. அது ஆயிலில் உள்ள சேர்மானங்களிலிருந்து வருவது என்பதால், கார் எவ்வளவு சீராக ஓடினாலும் தூரம் கூடக் கூடச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சாம்பல் குறைவாக விடும் ஆயிலை ஊற்றாதவர் கையில் இருந்த காரென்றால் இன்னும் விரைவாகச் சேரும்.

நான் வாங்கியது 2,10,000 கிலோமீட்டர் ஓடிய, முழுக்க நெடுஞ்சாலையிலேயே பழகிய கார். வாங்கிய சில நாளிலேயே, வீட்டுக்கு வந்து என்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி நிற்காமல் சுற்றுவதைக் கவனித்தேன். சூட்டில் ஏதோ தீய்வது போன்ற வாசனையும் வந்தது. ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு ஓர் இரவு, புறப்படும் முன் வழக்கம்போல ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைக் கடந்து இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி நின்றது. நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தபோது டீசல் வாசனை அடித்தது.

ஆயில் குறைந்தால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் தெரியும். தானாக ஏறினால் அதுவும் பெரிய ஆபத்து என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வடிகட்டி சாம்பலால் நிரம்பிவிட்டதால் கரியை எரிக்கும் வேலை அடிக்கடி நடந்திருக்கிறது. என் கார் அதற்காகக் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை, அதில் ஒரு பங்கு சிலிண்டரின் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் தாங்காது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிலையும் மாற்றிய பிறகு விசிறியும் நின்றது, டிப்ஸ்டிக்கும் அசையவில்லை. இப்போதும் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு பார்க்கிறேன்.

கியர்பாக்ஸ் காவலர்:

என் அனுபவம் சிறியது. ஒரு செடானைப் பார்க்கப் போனபோது, காரின் கணினியில் பதிந்த பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பழுதுக் குறி ஒன்றுகூட இல்லை. விற்பவர் முகம் மலர்ந்தது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன், குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரம் 6 கிலோமீட்டர் என்று இருந்தது. திரையை அவரிடம் திருப்பிக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை, நானும் கிளம்பிவிட்டேன்.

அதைவிட முக்கியமாக, மேலே எழுதிய மூவருமே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று கார் விற்பவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். பல செடான்களில் இருக்கும் 8 வேகக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. நோட்டில் டீசல் கணக்கு எழுதியவரைப் போற்றும் நண்பர், அந்த நோட்டில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய வரி இருந்ததா என்று பார்த்தாரா? ஆயில் மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். செயினுக்குப் பதிலாக ரப்பரால் ஆன டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் தூரம் ஒரு கணக்கு, வயது இன்னொரு கணக்கு. குறைவாக ஓடிய கார் என்பதற்காக ரப்பர் முதுமை அடையாமல் இருக்காது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர் அது. நான்கு டயரும் வேறு வேறு நிறுவனத்துடையவை என்றால், உரிமையாளர் மற்ற இடங்களில் எப்படிச் செலவு செய்திருப்பார் என்பதற்கு அதுவே சாட்சி. 40,000 என்று காட்டும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் கண்ட்ரோல் யூனிட்கள் எனப்படும் காரின் வேறு சிறு கணினிகளிலும் பதிந்திருக்கும்; அவற்றையும் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.

டீசல் பக்கம்:

அந்த வரி இருந்தது, ஐயா. 1,10,000 கிலோமீட்டரில் ஒருமுறையும் 2,15,000 கிலோமீட்டரில் ஒருமுறையும் மாற்றியிருந்தார். இரவுப் பயணி சொன்ன சாம்பல் பற்றிய செய்தி நான் எண்ணிப் பார்க்காதது. என் கருத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

நெடுவழி:

கியர்பாக்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை என்றாலும், பெடல் ரப்பரைப் பற்றிப் படித்ததும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் கார் ரப்பரின் கோடுகள் தெளிவாகவே இருக்கின்றன. தூரம் உண்மைதான் போலும். அப்படியானால் தூரத்தை மறைக்காதவர் சத்தத்தை மட்டும் மறைத்திருக்கிறார், அது இன்னும் உறுத்துகிறது.

முன்னிருக்கை:

இவ்வளவு பேர் எழுதியும் இருக்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் வாங்கிய முதல் செடானில் நீங்கள் சொல்லும் எல்லாமே சரியாக இருந்தன: குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ரசீதுகளை வரிசையாகப் படித்தேன், நம்பிக்கையான மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் முழுவதும் பார்த்தார். சோதனை ஓட்டம் கால் மணி நேரம். வாங்கிய பிறகு முதல் நீண்ட பயணத்தில், இரண்டாவது மணி நேரம் முடியும்போது இடுப்பின் ஒரு பக்கத்தில் வலி தொடங்கியது. நான்காவது மணியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. இறங்கி நின்று இருக்கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கதவுப் பக்கத்து விளிம்பில் உள்ளே இருந்த ஃபோம் அமுங்கிச் செத்துப்போயிருந்தது. முன்னவர் ஒவ்வொரு முறையும் அதன்மீது உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்கியிருப்பார். மேலே போட்டிருந்த புது உறை அதை மறைத்துவிட்டது. நான் அத்தனை மணி நேரமும் உடலைச் சாய்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

இரண்டாவது காரைப் பார்க்கப் போனபோது, விற்பவரிடம் கேட்டு அனுமதி பெற்று, நின்றிருந்த காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உறையைக் கழற்றச் சொன்னேன், அவர் மறுக்காமல் கழற்றினார். நடுவில் அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து கண்ணாடி வழியாக நீட்டினார். வலி வரவில்லை. இன்று ஓட்டுவது அந்தக் காரைத்தான்.