கடல் எடுத்த கரை: நீங்கள் கண்டதையும் எழுதுங்கோ

மணற்காட்டான்:
போன மார்கழியில் யாழ்ப்பாணத்து மணற்காட்டில் மாமா வீட்டுக்குப் போனேன். வாடை தொடங்கினால் எங்கள் கரை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். என்னை நித்திரை கொள்ள விடாமல் நிற்பது அந்தக் கிணறுதான். வளவுக்குள், வேலியோரம் இருந்த கிணறு இப்போது அலைக்குள் நிற்கிறது. சுற்றியிருந்த மணல் போய்விட்டது. கொங்கிறீட் வளையங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. சின்ன வயதில் எக்கி நின்று எட்டிப் பார்த்த விளிம்பை அண்ணாந்து தொட்டேன். கயிறு அறுத்த தடம் மூன்று விரலில் தட்டுப்பட்டது. அலை வரும்போது அடி வளையத்தின் இடுக்கால் தண்ணீர் உள்ளே போய் கொளகொள என்று சத்தம் கேட்டது. "உந்தத் தண்ணியிலதான் உன்னைக் குளிப்பாட்டினது" என்றா மாமி.

அனலைதீவுப் பிள்ளை:
எங்கள் தீவுக்குச் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான். பக்கத்துக் கரையில் வள்ளம் விடுகிற இடத்தைக் காக்க என்று கல் கொட்டினார்கள். இரண்டு சோளகம் போகவில்லை, கல் முடிகிற இடத்திலிருந்து எங்கள் காணிப் பக்கம் பிறை மாதிரி வெட்டிக்கொண்டு வந்தது. ஒரே இரவில் நாலு பனை. பனை விழுகிற சத்தத்தைவிட, அதற்கு முன் வேர் அறுகிற சத்தம்தான் இன்னும் காதில் நிற்கிறது. நார் கிழிக்கிற மாதிரி. விடிய அப்பு கத்தியோடு போய் ஓலையை வெட்டி எடுத்தார். வேலிக்கு ஆகும் என்றார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

வள்ளக்காரன்:
தங்கச்சி, கல்லைக் குறை சொல்லாதேங்கோ. எங்கள் துறையில் கல் இல்லாவிட்டால் மீன்பிடிக் கொட்டில் போட்ட வாடியும் இல்லை, வலையும் இல்லை. கடல் வாசலுக்கு வந்த பிறகு மணலைப் பிடிக்க அடம்பன் கொடி நட்டுக்கொண்டு இருக்க முடியாது. மணற்காட்டான், நீங்களும் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மணல் கும்பிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீடு கட்ட விற்றது கடல் இல்லை. கரைக்குப் பின்னால் இருந்த கும்பி போனால் முன்னால் கரை எதை வைத்து நிற்கும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நான் கண்டது சின்னது. எங்கள் பக்கத்துத் தீவில் ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், உப்புக் கரித்தது. தேத்தண்ணி கொண்டு வந்த அந்த வீட்டுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான்.

வள்ளக்காரத் தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் அலை கரையோடு மணலை நடத்திக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் கல் அதை மறித்தால் அடுத்த இடத்துக்குப் போகவேண்டிய மணல் போகாது. அந்தப் பக்கத்தைக் கடல் தின்னும். அனலைதீவுப் பிள்ளையின் பனை விழுந்தது அதனால்தான். வடமராட்சி கிழக்கு என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரியுமாக இருக்கிற ஒடுங்கிய மணல் துண்டு. மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலைப் பாதி மூடி நிற்பதும் அதே மணல்தான். அது நகரும்; அதைப் பிடித்து வைப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? அவற்றை மிதித்து வழி போடாதீர்கள், வள்ளம் இழுக்க ஒரே பாதையை வைத்திருங்கள். அதற்குப் பின்னால் தாழை, களப்புப் பக்கம் சேற்றில் வளர்கிற கண்டல் மரம். சவுக்கை நீர் விளிம்பில் நட வேண்டாம், அதன் சருகுக்குக் கீழே கொடி வராது. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுண்ணாம்புக்கு உடைக்காதீர்கள், அலையை முதலில் வாங்குவது அதுதான். கிணறும் இதோடு சேர்ந்ததுதான். தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலம் ஒடுங்க ஒடுங்க அந்தப் படை மெலியும், இயந்திரம் போட்டு இறைத்தால் உப்பு மேலே வரும். இலங்கையின் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கரையில் அனுமதி இல்லாமல் எதுவும் கட்ட முடியாது. ஆகவே கல் கொட்ட வந்தால், பக்கத்து ஊர்க்காரரும் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அனலைதீவுப் பிள்ளை:
எங்களை யாரும் கூப்பிடவில்லை, சேர். கல் வந்த லொறியைத்தான் முதலில் கண்டோம்.

வள்ளக்காரன்:
அது பிழைதான், தங்கச்சி. எங்கள் துறையிலும் அடுத்த கரையாரைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மணற்காட்டான்:
ஓம் அண்ணை, மணல் ஏற்றினது உண்மை. மாமாவும் இரண்டு லோட் கொடுத்தவர். அந்தக் காசில்தான் கிணற்றுக்கு மேல் வளையம் போட்டது.