மினி 3-க்கு பிளஸ் பேட்டரியா, சாதா பேட்டரியே இரண்டா?

மடிப்பாக்கம் மணி:
கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் மனை விற்பவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜேஐ மினி 3 டிரோன், கூட வந்தது ஒரே பேட்டரி. கம்பெனிக் கணக்குக்கு 38 நிமிடம் பறக்கும். கடல் காற்றில் 25 தாண்டினாலே பெரிய விஷயம். லேஅவுட்டைப் பாதி சுற்றுவதற்குள் ரிமோட் கத்த ஆரம்பித்துவிடுகிறது. பெரிய பிளஸ் பேட்டரி ஒன்று வாங்கலாமா, இல்லை சாதா பேட்டரி இரண்டும், பேட்டரிகளைச் சேர்த்து மாட்டி ஏற்றும் சார்ஜிங் ஹப்பும் போதுமா? ரிச்சி தெருவில் டிரோன் முதுகில் கட்டும் எக்ஸ்ட்ரா பேட்டரி ஒன்றும் காட்டினார்கள். சைட்டில் கரண்ட் கிடையாது.

ஓஎம்ஆர் பருந்து:
பிளஸ் வேண்டாம் தம்பி. விலைக்காகச் சொல்லவில்லை, எடைக்காகச் சொல்கிறேன். சாதா பேட்டரியோடு மினி 3 சுமார் 248 கிராம். பிளஸ் மாட்டினால் 290-ஐ ஒட்டி வரும். நம் ஊர் 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரைதான் நேனோ வகை, அதற்கு பைலட் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் மைக்ரோ. அங்கே அந்தச் சலுகை தொழிலுக்குப் பறக்காதவர்களுக்கு மட்டும். நீங்கள் காசு வாங்கித்தானே எடுக்கிறீர்கள்?

கணக்கும் அவ்வளவு லாபமில்லை. சாதா 18.1 வாட் ஹவர், பிளஸ் 28.4. பாதிக்கு மேல் கூடுதல் சக்தி. நேரமோ 38-லிருந்து 51, மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. மிச்சம் பேட்டரி தன்னையே தூக்கிக்கொள்ளப் போய்விடும்.

முதுகில் கட்டுவதைத் தொடவே வேண்டாம். அதில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று போனில் இருக்கும் டிரோன் ஆப்புக்குத் தெரியாது. எடை மேலே ஏறியதும் காற்றில் ஆட்டமும் கூடும்.

சாதா இரண்டு, ஹப் ஒன்று. இருப்பதோடு சேர்த்து மூன்று பேட்டரி, ஹப் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றாது. எதில் சார்ஜ் அதிகம் மிச்சமோ அதை முதலில் நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். 30 வாட் பிடி (PD, யுஎஸ்பி-சி வேகச் சார்ஜிங்) சார்ஜர் போதும், 65 வாட் வாங்கிப் பெரிதாகப் பயனில்லை.

கல்யாண கேமரா:
அண்ணன் சொன்னது சரி. கரண்ட் இல்லாத இடத்துக்கு 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க், 30 வாட் பிடி அவுட்புட் உள்ளதாகப் பாருங்கள். உள்ளே 74 வாட் ஹவர் இருக்கும், இழப்பு போக மூன்று பேட்டரி நிரம்பும். இறங்கிய சூட்டோடு ஹப்பில் போடாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் சார்ஜே ஏறாது. மே மாதத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். நான் பேட்டரிகளைத் துணியில் சுற்றி வெறும் தெர்மோகோல் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப் போகிறேன். ஐஸ் போடுவதில்லை, ஈரம் இறங்கிவிடும்.

மடிப்பாக்கம் மணி:
நன்றி அண்ணே. பைலட் சான்றிதழ் விஷயம் கடையில் யாரும் சொல்லவில்லை. பழைய பேட்டரி இரண்டு பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?

ஓஎம்ஆர் பருந்து:
நேரில் போய் உங்கள் டிரோனில் மாட்டி, ஆப்பில் பேட்டரி விவரத்தைத் திறங்கள். எத்தனை முறை சார்ஜ் ஆனது, பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட் என்று காட்டும். இரண்டு செல்லின் வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்க வேண்டும். அப்புறம் கழற்றி, கண்ணாடி மேசையில் படுக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.