மிலானில் மூன்று மணி நேரம்

குழு: அம்மாச்சி வீடு
ஞாயிறு, காலை 7:05

சண்முகம்: எல்லாருக்கும் காலை வணக்கம். மே மாதப் பயணத் திட்டம் தயார். புதன்கிழமை காலை 11 மணிக்கு மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குகிறோம். 2 மணிக்கு வெனிஸ் ரயில். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் அந்தப் பெரிய கதீட்ரலைப் பார்த்துவிடலாம். நிவி, போதும்தானே?

நிவேதா: போதாது பெரியப்பா.

விஜயா: என்னடி, பட்டென்று சொல்லிவிட்டாய். உன் பெரியப்பா இரண்டு நாளாக எக்செல்லில் உட்கார்ந்து போட்ட திட்டம்.

நிவேதா: இரண்டு வருஷம் அந்த ஊரில் படித்தவள் சொல்கிறேன் பெரியம்மா. அந்தக் கதீட்ரலை அங்கே டுவோமோ என்பார்கள். டுவோமோவுக்குள் பெட்டியோடு விடமாட்டார்கள், அங்கே வைக்கவும் இடமில்லை. ஸ்டேஷனிலேயே காசு கொடுத்து வைத்துவிட்டு, மஞ்சள் மெட்ரோவில் ஏறி நாலாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அப்புறம் பை சோதனை வரிசை. திரும்பி வந்து பெட்டி எடுக்க வேண்டும். எக்செல்லில் இதெல்லாம் இருக்கிறதா?

சண்முகம்: இல்லை.

ரமேஷ்: எனக்கு டூர்காரன் கொடுத்ததே 45 நிமிடம்தான் அத்தான். உங்களுடையது ராஜ வாழ்க்கை.

அகிலா: மாமா, நீங்கள் உள்ளேயே போகவில்லை என்று அத்தை சொன்னார்களே?

ரமேஷ்: போனேன், கொஞ்சம் தாமதமாக. அரை டிராயர் போட்டிருந்தேன், வாசலில் நிறுத்திவிட்டார்கள். வெளியே துப்பட்டா விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒன்று வாங்கி லுங்கி மாதிரி கட்டிக்கொண்டு போனேன். இரண்டு தூணைப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்புகிறது என்று போன்.

நிவேதா: மொத்தம் 52 தூண் மாமா. 50 பாக்கி 😄

ரமேஷ்: பூப்போட்ட துப்பட்டா வேறு. போட்டோ கேட்காதீர்கள்.

விஜயா: சேலை கட்டிக்கொண்டு போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

நிவேதா: சேலைக்கு ஒரு தடையும் இல்லை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். செருப்பைக் கழற்ற வேண்டாம், முக்காடும் வேண்டாம். அகிலா, ஸ்லீவ்லெஸ் போடுவதானால் ஒரு ஷால் எடுத்துக்கொள்.

சண்முகம்: தூண் எந்தக் கல்?

விஜயா: ஆரம்பித்துவிட்டார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் பொதுப்பணித்துறை விடவில்லை.

நிவேதா: கந்தோல்யா என்ற ஊரின் பளிங்கு பெரியப்பா. வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடும், மாலை வெயிலில்தான் அது தெரியும். மஜோரே ஏரிப் பக்கத்து மலையில் வெட்டி, ஏரி, திச்சீனோ ஆறு, நவில்யோ கால்வாய் என்று படகிலேயே ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கோயில் கல் ஏற்றிய படகுக்குச் சுங்கம் கிடையாது. வேலை தொடங்கியது 1386இல்.

சண்முகம்: முடிந்தது?

நிவேதா: கடைசி வாசல் கதவு 1965இல்.

சண்முகம்: 579 வருஷமா!

நிவேதா: எந்த வேலையாவது இழுத்துக்கொண்டே போனால் மிலான்காரர்கள் 'டுவோமோ கட்டுகிற மாதிரி' என்பார்கள். இன்னமும் பழைய கல்லை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எந்தப் பக்கமாவது சாரம் கட்டியிருந்தால் மனசு விட்டுவிடாதீர்கள்.

ரமேஷ்: எங்கள் தெருமுனைப் பாலத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

காலை 9:40

அகிலா: நிவிக்கா, டிக்கெட் பக்கத்தில் பத்து வகை இருக்கிறது. தலை சுற்றுகிறது.

நிவேதா: முதலில் அது கதீட்ரலின் சொந்தத் தளம்தானா என்று பார். இடையில் இருப்பவர்கள் அதே டிக்கெட்டைக் கூட்டி விற்பார்கள். கதீட்ரலும் கூரையும் சேர்ந்தது எடு. கூரைக்குப் படி, லிஃப்ட் என்று இரண்டு விலை. பெரியம்மாவுக்காக லிஃப்ட். மியூசியத்துக்குப் புதன்கிழமை விடுமுறை, அதை விட்டுவிடு.

அகிலா: ஜெபம் செய்கிறவர்களுக்கு இலவசம் என்கிறார்களே?

நிவேதா: அதற்குத் தனி வாசல். உட்கார்ந்து ஜெபிக்க ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும். படம் எடுக்க, சுற்றிப் பார்க்க அந்த வழியில் போகாதே. கூட்டம் எப்படியோ இருக்கட்டும், உள்ளே பூசை நடக்கிற கோயில் அது.

விஜயா: கூரைக்கு எதற்கு? கீழே பார்த்தால் போதாதா? எனக்கு முட்டி.

நிவேதா: பெரியம்மா, உள்ளே நேரம் இல்லையென்றால் கூட விட்டுவிடலாம். கூரையை விடக்கூடாது. ஐரோப்பாவில் கதீட்ரல் நிறைய இருக்கிறது. கூரை மேல் இப்படி நடக்க விடுகிற இடம் அபூர்வம். கீழே இருந்து பார்த்தால் ஊசி ஊசியாகத் தெரிகிற கோபுரத்துக்கெல்லாம் நடுவில் நிற்பீர்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை. மொத்தம் 3,400 சிலைகள், குத்துச்சண்டை வீரர்கள் கூட இருக்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் ஆல்ப்ஸ் தெரியும். பரீட்சை முடிந்த அன்று போய் அந்தப் பளிங்கில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிவேதா: ஆனால் லிஃப்டை முழுக்க நம்ப வேண்டாம். முதல் தளம் வரைதான் விடும். நடுக்கூரைக்கு இன்னும் படி உண்டு. இறங்கும்போதும் படியாக இருக்கலாம், ஏறும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். படி டிக்கெட் எடுத்தால் கிட்டத்தட்ட 250 படி. மழை பெய்தால் பளிங்கு வழுக்கும், மோசமான வானிலையில் மேலே விடவும் மாட்டார்கள்.

ரமேஷ்: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பதை அப்படியே தட்டுகிறேன்: "கோயில் கூரை மேல் ஏறுவதா? சாமி தலையில் கால் வைப்பது போல் ஆகாதா?"

நிவேதா: அம்மாச்சி, சாமி இன்னும் மேலே இருக்கிறார் ❤️ எல்லாவற்றுக்கும் உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா சிலை. மதோன்னினா என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். 1774இல் வைத்தது, 108.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். ஊரில் எந்தக் கட்டடமும் அவரைவிட உயரக்கூடாது என்பது அங்கே பழைய வழக்கம்.

ரமேஷ்: "அதைச் சொல். நம் பக்கமும் கோபுரத்துக்கு மேலே மாடி எழுப்ப மாட்டார்களே" என்கிறார்.

நிவேதா: 1960 வாக்கில் பிரெல்லி கம்பெனி 127 மீட்டரில் ஒரு கட்டடம் எழுப்பியது அம்மாச்சி. மாதாவைத் தாண்டிவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் உச்சியில் சின்னதாக இன்னொரு மதோன்னினாவை வைத்துவிட்டார்கள். அப்புறம் வந்த உயரக் கட்டடங்கள் சிலவற்றிலும் அதே ஏற்பாடு.

ரமேஷ்: சிரிக்கிறார். "கெட்டிக்காரப் பயல்கள். சரி, ஏறட்டும்."

விஜயா: அம்மாவே சொல்லியாயிற்று. முட்டிக்கு உறை எடுத்து வைக்கிறேன்.

காலை 11:15

சண்முகம்: உள்ளே எது முக்கியம்? நாலைந்து சொல், குறித்துக்கொள்கிறேன்.

நிவேதா: உங்களுக்கு ஒன்றே போதும். பிரதான வாசலில் நுழைந்ததும் தரையைப் பாருங்கள். பித்தளைக் கோடு ஒன்று குறுக்கே ஓடும், பக்கத்தில் ராசிச் சின்னங்கள். 1786இல் வானியலாளர்கள் பதித்தது. மேலே ஒரு சின்னத் துளை. உச்சிவேளையில் அதன் வழியாக வெயில் விழுந்து கோட்டைத் தொடும்.

சண்முகம்: அப்படியானால் 12 மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

நிவேதா: அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். போதாததற்கு, அவர்கள் நேரக்கணக்கின் மத்தியக் கோட்டுக்கு மேற்கே மிலான் இருக்கிறது. மே மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 1:20 வாக்கில்.

சண்முகம்: மிலானின் தீர்க்கரேகை 9.2 டிகிரி, அந்த மத்தியக் கோடு 15. கழித்தால் 5.8, டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பெருக்கினால் 23 நிமிடம். சரியாகத்தான் சொல்கிறாய்.

விஜயா: இனி அந்தத் துளையை விட்டு இவர் நகர மாட்டார்.

நிவேதா: தோல் உரிக்கப்பட்ட பர்த்தலமேயு, இயேசுவின் சீடர், அவர் சிலை ஒன்றும் இருக்கிறது. உரித்த தோலையே மேல்துண்டு மாதிரி போர்த்திக்கொண்டு நிற்பார். அகிலா, சாப்பிட்ட உடனே போய்ப் பார்க்காதே.

அகிலா: வெளியே சதுக்கத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிவேதா: யாராவது சிரித்துக்கொண்டே வந்து கையில் நூல் கட்ட வந்தால் கையை மடக்கிக்கொள். புறாவுக்குப் போடச் சொல்லி உள்ளங்கையில் சோளம் கொட்டினாலும் அதேதான். இரண்டுமே இலவசம் என்பார்கள், அப்புறம் காசு கேட்டு விடமாட்டார்கள். காப்பி வேண்டுமென்றால் நின்றுகொண்டே குடி, உட்கார்ந்தால் விலை ஏறிவிடும்.

ரமேஷ்: நான் நூலும் கட்டிக்கொண்டேன், சோளமும் வாங்கினேன்.

நிவேதா: உள்ளே போகும்போது பையில் கத்தி, கண்ணாடிப் பாட்டில் எதுவும் இருக்கக்கூடாது. வாசலிலேயே பிடித்துவிடுவார்கள்.

விஜயா: ஊறுகாய்?

நிவேதா: எதில் இருக்கிறது பெரியம்மா?

விஜயா: ஹார்லிக்ஸ் பாட்டிலில். கைப்பையில்தான் வைப்பேன், பெட்டியில் வைத்தால் எண்ணெய் கசியும்.

நிவேதா: 🙏🙏

மாலை 6:30

சண்முகம்: வெனிஸ் ரயிலை இரவுக்கு மாற்றிவிட்டேன். பெட்டி ஸ்டேஷனில். 12:30க்குக் கதீட்ரல், 1:20க்குக் கோடு, பிறகு சாப்பாடு, 4 மணிக்குக் கூரை. புது எக்செல் அனுப்பவா?

அகிலா: வேண்டாம் அப்பா. டிக்கெட் எடுத்துவிட்டேன், மூன்று பேருக்கும் லிஃப்ட்.

விஜயா: நாரத்தங்காயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். ரமேஷ், அந்தப் பூப்போட்ட துப்பட்டா இன்னும் இருந்தால் கொடுத்தனுப்பு. உன் அத்தானும் அரை டிராயர்தான் எடுத்து வைத்திருக்கிறார்.