மறு: மறு: ஆட்டிசம் – மாவோரிகளின் சொல்லும் நமக்கு ஒரு சொல்லும்

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் போட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாததால் எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்துவிடுகிறேன். நடுவில் வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஆட்டிசப் பிள்ளைகளையும் அவர்களோடு இருக்கும் குடும்பங்களையும் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு சொல்லுக்குத் தமிழ் தேடிச் சிக்கி நிற்கிறேன். ஒன்று, ஆட்டிசத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட சொல். மற்றது, கூட இருந்து பார்த்துக்கொள்பவரைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லான ‘கேர்கிவர்’.

> ‘மதியிறுக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே போட்டுவிட்டுப் போகலாமே?

போடலாம் ஐயா, ஆனால் கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிடும். 2017-ல் கேரி ஓபாய் என்ற மாவோரி மொழியறிஞர் மனநலம், உடற்குறை தொடர்பான சொற்களைத் தொகுத்து ‘தே ரெயோ ஹாப்பாய்’ என்ற சொற்கோவையைக் கொண்டுவந்தார். பல சொற்கள் அவர் புதிதாக ஆக்கியவை. ஆட்டிசத்துக்கு அதில் இருப்பது ‘தக்கிவாத்தங்கா’. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை அவர் பிரித்துப் பெயர்க்கவே இல்லை. அந்தச் சொல்லின் வேர் ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 1911 வாக்கில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர், ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) நோயாளிகள் உலகத்தை விட்டுத் தமக்குள் ஒடுங்குவதைச் சொல்ல அதை உண்டாக்கினார். நம் அரசுத் தாள்களில் வரும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்பது அதன் நேர் வாரிசு. ஓபாய் அகராதியை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார். தான் பழகிய ஆட்டிசக்காரர்களுக்கு அவர்களுக்கே உரிய நேரமும் இடைவெளியும் வேகமும் வாழ்க்கைத் தாளமும் இருப்பதைக் கண்டார். ‘தோனா அனோ தக்கிவா’, அதாவது தனக்கே உரிய நேரத்தில், வெளியில். அதிலிருந்து வந்த சொல் இது. 2022-ல் வந்த அந்நாட்டு ஆட்டிச வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது.

கோயம்புத்தூர் அக்கா எழுதியதையும் இங்கே சேர்க்கிறேன். அவருடைய மகன் பன்னிரண்டு வயதில் ஏதோ சான்றிதழில் ‘மதியிறுக்கம்’ என்று படித்துவிட்டு, “என் மூளை இறுகிப்போச்சாம்மா?” என்று கேட்டானாம். எனக்கு இனி அதுதான் அளவுகோல். பிள்ளை காதுபட வீட்டில் சொல்ல முடியாத சொல்லைப் போடப்போவதில்லை.

> ‘தக்கிவா’ என்பது இடமா, காலமா? முதலில் அதைத் தெளிவாக்குங்கள்.

இரண்டும்தான். வட்டாரம், பருவம், நேரம், வெளி, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல். ஆங்கிலத்தில் விளக்குகிறவர்கள் இரண்டு சொல் போட்டு மூச்சு வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதற்பொருள் என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. இது கண்ணில் பட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, உடனே ‘தன்திணை’ என்று எழுதி அனுப்பினேன். அது எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

> தன் + திணை = தன்றிணை. காதுக்கு அஃறிணையின் தங்கை மாதிரி இருக்கிறது. மனிதரை அஃறிணையில் சேர்த்தார்கள் என்று நாளைக்குச் சண்டை வரும்.

நியாயம், கைவிட்டேன். அடுத்து வந்த ‘தன்பொழுது’ கதை அதைவிட வேடிக்கை. புணர்ச்சி விதியை மதித்தால் ‘தற்பொழுது’ ஆகிவிடும். “இவருக்குத் தற்பொழுது இருக்கிறது” என்றால் எப்போது குணமாகும் என்றுதான் அடுத்த கேள்வி வரும். ‘தன்வெளி’யில் புணர்ச்சித் தொல்லை இல்லை, ஆனால் பொழுது விடுபட்டுப்போகிறது. ‘தற்போக்கு’ தான்தோன்றிக்குப் பக்கத்து வீடு.

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன வழக்குதான் உண்மையில் மிக அருகே வருகிறது: “அவன் தன்ர பாட்டில இருப்பான்.” நாங்கள் “தன் பாட்டுக்கு இருப்பான்” என்போம். குறை சொல்கிற தொனி இல்லை, தொந்தரவு செய்யாதே என்ற கரிசனமும் உண்டு. ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘தன்பாடு’ என்றால் படுகிற பாடு வந்து ஒட்டிக்கொள்கிறது. ரொம்ப வருத்தத்தோடுதான் இதை விட்டேன்.

சரி, நான் இப்போது நிற்கிற இடத்தைச் சொல்ல ஒரு காட்சி தேவைப்படுகிறது. வைக்காட்டோ பக்கம் ஒரு மராயேவுக்கு (அவர்களின் ஊர்ப்பொது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) விருந்தினர் கூட்டத்தோடு போயிருந்தேன். வரவேற்பில் பேச்சுகளும் பாட்டும் முடிந்ததும் வீட்டார் வரிசையாக நிற்க, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து மூச்சைப் பகிர வேண்டும். அதற்கு ஹோங்கி என்று பெயர். எனக்கு முன்னால் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பாட்டியோடு நின்றான். காதில் பெரிய ஒலித்தடுப்பான், கையில் ஒரு பொய். (கயிற்று நுனியில் பந்து கட்டிச் சுழற்றுவார்களே, அது. தமிழில் எழுதினால் இப்படித்தான் வந்து தொலைக்கிறது.) முதல் மூதாட்டியின் முகம் நெருங்கியதும் பையன் விறைத்தான். அந்த அம்மாள் ஓர் அடி பின்னே போய் நின்று புருவத்தை மட்டும் தூக்கினார். மாவோரிகளிடம் அது வணக்கமும் ஆகும், ஆமாமும் ஆகும். பையன் பந்தை இரண்டு சுற்று சுற்றினான். அப்புறம் அவனும் புருவத்தைத் தூக்கினான். வரிசை அவன் வேகத்துக்கு நகர்ந்தது. பாட்டி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று நான் பார்த்தது நடை. வேகம், தாளம், பாங்கு மூன்றையும் நாம் அந்த ஒரு சொல்லால்தான் சொல்கிறோம். தாளத்தில் திசிர நடை என்கிறோம், எழுத்தில் உரைநடை என்கிறோம். தன் + நடை = தன்னடை. புணர்ச்சி சுத்தம். வைணவ உரைகளில் ‘தன்னடையே’ என்றால் ‘தானாகவே, இயல்பாகவே’ என்று பொருள், எனவே முற்றிலும் அந்நியமும் இல்லை. ஆளைச் சொல்ல ‘தன்னடையர்’. “என் பையன் தன்னடையன்” என்று அவன் எதிரிலேயே சொல்லலாம்.

> வாக்கர் இல்லாமல் நடப்பவரா?

சிரித்தேன். முதல் பத்தியில் ஒரு வரி விளக்கம் போட்டால் சரியாகிவிடும். ‘நடை’யில் தக்கிவாவின் ‘இடம்’ என்ற பொருள் போதவில்லை என்ற மற்றொருவரின் குறையை ஒப்புக்கொள்கிறேன். நடக்க இடம் வேண்டுமே என்று சமாளிக்கிறேன், அவ்வளவுதான்.

இனி ‘கேர்கிவர்’.

> பராமரிப்பாளர். இதில் என்ன விவாதம்?

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று அறிவிப்பு வருமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் என் மறுப்பு அதற்காக மட்டும் இல்லை. அந்தச் சொல் ஒருவரைக் கொடுப்பவராகவும் மற்றவரைப் பெறுபவராகவும் பிரித்து வைக்கிறது. மாவோரிகளின் நலக் கோட்பாட்டில் அந்தப் பிரிவினை நிற்காது. மேசன் டூரி 1980-களில் வகுத்த ‘நான்கு சுவர் வீடு’ என்ற மாதிரியில் உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம் நான்கும் நான்கு சுவர்கள். குடும்பம் வெளியே நின்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாள் இல்லை, அதுவே ஒரு சுவர். பாட்டி தூங்காமல் இருந்தால் அது பேரனின் நலக்கேடும்தான். அவர்கள் குடும்பத்துக்குச் சொல்லும் ‘ஃபானாவு’ என்ற சொல்லுக்குப் ‘பிறத்தல்’ என்றும் பொருள், பெரியம்மா, மாமா, ஒன்றுவிட்ட அக்கா எல்லாரும் அதில் அடக்கம். ‘குடும்பம்’ என்று எழுதினால் ரேஷன் அட்டைக்குள் சுருங்கிவிடும். அதற்கு ‘சுற்றம்’ என்றே போடுகிறேன். வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய சொல் இன்று கல்யாணப் பத்திரிகையில் மட்டும் உயிர்வாழ்கிறது, பாவம்.

அந்தச் சுற்றத்தில் முழுநேரமும் பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்ல நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. “பேஷண்ட் கூட இருக்கிறது யாரு?” அதையே கொஞ்சம் துடைத்து ‘உடனிருப்பவர்’ என்கிறேன். இதை யாரும் மறுக்கவில்லை.

அவர்களுக்கு வரும் தொல்லைகளைக் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறேன், இங்கே இரண்டு மட்டும். உடனிருப்பவர்கள் சற்று மூச்சுவிட உதவும் நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற விதிகளை 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு திடீரென்று இறுக்கியது, குடும்பங்கள் கொதித்துப்போயின. இரண்டாவது நம்மவர்களும் நன்றாக அறிந்தது: பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை. இரு மொழி பேசுவது ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாவோரிப் பிள்ளைகளோ, பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள். 1987-ல்தான் அந்த மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. பாட்டியின் மொழியை மறுபடியும் வீட்டை விட்டு அனுப்பச் சொன்னால் உடனிருப்பவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன மிஞ்சும்?

> ‘தன்னடை’யை விக்சனரியில் ஏற்றிவிடட்டுமா?

இப்போது வேண்டாம் தம்பி. குழுவில் தன்னடையர் இருவர் இருப்பது எனக்குத் தெரியும், அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. தனிமடலில் கேட்டிருக்கிறேன். ஒருவர் “யோசித்துச் சொல்கிறேன், நாள் குறிக்காதீர்கள்” என்று எழுதியிருக்கிறார். இதழாசிரியரிடம் அவகாசம் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
வெலிங்டனிலிருந்து

பி.கு.: மாவோரிச் சொல்லின் கடைசி எழுத்து உண்மையில் ‘ங்கா’ இல்லை, வெறும் ‘ங’. நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ங-வுக்கு அங்கே முழுநேர வேலை. ‘தக்கிவாத்தங’ என்று அச்சிட்டால் பிழை திருத்துபவர் விடுவாரா?