முட்டைக்குத் தேயிலை: அயர்லாந்துக் கிராமங்களின் பண்டமாற்று நியாயமானதா?

வரப்போரம்: 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகளில், பழைய காலத்துக் கொடுக்கல் வாங்கலும் பதிவாகியுள்ளது. பெண்கள் முட்டையைக் கொடுத்துத் தேயிலையும் சர்க்கரையும் வாங்கினார்கள். அண்டை வீட்டார் ஒருவர் வயலில் மற்றவர் அறுவடை செய்து, அந்த உழைப்பை உழைப்பாலேயே ஈடுசெய்தார்கள். காசு அரிதாக இருந்த ஊர்களுக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பேரேடு: நண்பரே, உழைப்புக்கு உழைப்பு என்பதை மனமார ஏற்கிறேன், முட்டைக்குத் தேயிலை என்பதை அதனுடன் சேர்க்காதீர்கள். பல இடங்களில் முட்டைக்கு விலை வைத்தவரும் தேயிலைக்கு விலை வைத்தவரும் ஒரே கடைக்காரர்தான். அவரிடமே கடனும் பட்டிருந்த குடும்பம் வேறு கடைக்கு எப்படிப் போகும்? வட்டியைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து 'கோம்பீன்காரர்' என்ற பெயர் இத்தகைய கடைக்காரர்களுக்கு ஏற்பட்டதே போதிய சான்று. டொனகல் மாவட்டத்து டங்லோவில் பாட்ரிக் கல்லகரும் அண்டை விவசாயிகளும் 1906இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான்.

வரப்போரம்: நீங்கள் சாடுவது கடனையும் வட்டியையும், பண்டமாற்றை அல்ல. காசு புழங்கிய மாட்டுச் சந்தையைப் பாருங்கள். விலை படியாமல் இருவரும் விலகினால், தரகர் அவர்களுடைய கைகளை இழுத்துச் சேர்த்து, வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வார். பேரம் முடிந்ததும் விற்றவர் சிறு தொகையை 'அதிர்ஷ்டக் காசு' என வாங்கியவரிடமே திருப்பித் தருவார். மறுமுறையும் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்ற உணர்வே காசு வணிகத்தையும் பண்டமாற்றையும் ஒருங்கே கட்டுப்படுத்தியது.

பேரேடு: சந்தையில் மாட்டை ஓட்டிவந்தவருக்கு விலை பிடிக்காவிட்டால் வீட்டுக்கே ஓட்டிச்செல்லும் உரிமை இருந்தது. நிலமற்ற கூலிக்கு அது இல்லை. உருளைக்கிழங்கு பயிரிடச் சிறு துண்டு நிலம் பெற்று, அதன் குத்தகையை உழைப்பாகவே கழித்தவர்கள் ஏராளம். 1845இல் கிழங்கில் நோய் விழுந்து, அடுத்த ஆண்டு விளைச்சல் அடியோடு போனபோது, ஆண்டு முழுவதும் உழைத்திருந்தும் அவர்கள் கையில் தானியம் வாங்கக் காசில்லை. உங்கள் நேர்மையான ஏற்பாட்டில் இவர்களுக்கு எங்கே இடம்?

வரப்போரம்: அவர்களுக்கு இடமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அங்கு விலையை வைத்தது நிலம் வைத்திருந்தவரின் அதிகாரம். அண்டை வயலில் அறுத்த கைகளுக்கு அந்தப் பழி சேராது.