தடை, சுழியம், ஒப்பளவு: எடைக்கருவிச் செயலிக்கு மூன்று சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஆள் எடை பார்க்கும் கருவிக்கான செயலியின் திரைச் சொற்களைத் தமிழாக்குகிறோம் அல்லவா? அதில் ஜீரோ (ஆள் ஏறும் முன் 0.0 காட்டவைப்பது), டேர் (பாத்திரத்தின் எடையைக் கழிப்பது), காலிபரேஷன் (தெரிந்த எடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது) பற்றி நம் குழுவில் ஒருவர் எழுதியது இது:

> ஜீரோ, டேர், காலிபரேஷன் மூன்றுக்குமே ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டுவிடலாம். பயன்படுத்துபவருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

நுணுக்கம் எங்கள் வீட்டிலேயே தேவைப்பட்டது, அதனால் மறுக்கிறேன். மயிலாப்பூரில் பழைய அடுக்ககம், மொசைக் தரை. எடைக்கருவி பீரோவுக்கு அடியில் கிடக்கும். அம்மா அதை இழுத்துப் போட்டு உடனே ஏறிவிடுவார். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகக் காட்டியது. சர்க்கரை ஏறிவிட்டதோ என்று ஒரே கவலை. நான் மறுபடி ஏறச் சொன்னேன். இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கருவியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு உலோகத் துண்டு இருக்கிறது. நாம் ஏறும்போது அது மயிரிழை அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய இழையின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி கிலோவாகக் காட்டுகிறது. ஆளே இல்லாதபோது வரும் அளவைச் சுழியம் என்று நினைவில் வைத்திருக்கும். இழுத்தாலோ சாய்த்து வைத்தாலோ அந்த நினைவு பிசகிவிடுகிறது. பல கருவிகளில், காலால் லேசாகத் தட்டி, 0.0 வந்து அணையும்வரை பொறுத்திருந்து, அப்புறம் ஏற வேண்டும். இங்கே எதையும் ‘திருத்த’வில்லை. கருவி புறப்படும் இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘சுழியத்தில் நிறுத்து’ என்கிறேன். நிறுத்தல் என்றால் எடை பார்ப்பதும்தான் என்பதால் எனக்கு இது கூடுதலாகப் பிடித்திருக்கிறது. ‘சுழியமாக்கு’ என்றாலும் சண்டை போட மாட்டேன்.

டேர் விஷயத்தில்தான் கொஞ்சம் சண்டை போடுவேன். இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. இரட்டைத்தட்டுத் தராசு இருந்த காலத்தில் எண்ணெய் வாங்கப் போனவர்களுக்கு நினைவிருக்கும். நம் தூக்குப் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, அதற்கு ஈடாக எதிர்த்தட்டில் கல்லோ பழைய இரும்போ வைத்துச் சமன் செய்த பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் தடை கட்டுவது. கடைக்காரர் தடை கட்டாமல் ஊற்றினால் பாட்டிமார்கள் விடமாட்டார்கள். கைக்குழந்தையின் எடை பார்க்க அம்மா முதலில் தனியாக ஏறி, பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாரே, அங்கே அம்மாதான் தடை! மின்னணுக் கருவியில் எதிர்த்தட்டு இல்லை, கழிக்க மட்டும் செய்கிறது. எனவே பொத்தானுக்கு ‘தடை கழி’.

> ‘தடை’ என்று திரையில் பார்த்தால் ஏதோ தடை செய்துவிட்டார்கள் என்று பயப்பட மாட்டார்களா?

‘மின்தடை’ என்ற சொல்லைப் பாருங்கள். இயற்பியல் பாடத்தில் அது ஓம் கணக்கு. காலை நாளிதழில் ‘இன்று மின்தடை’ என்று வந்தால் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவைக்க ஓடுகிறோம். யாராவது குழம்பினார்களா? இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை.

காலிபரேஷன் தெரிந்த எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. ஒப்பிட்டபின் பிழையைச் சரிசெய்வது வேறு வேலை. அளவியலாரும் இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். ‘அளவுத்திருத்தம்’ இரண்டாவதற்குத்தான் பொருந்தும். முதலாவதை ‘ஒப்பளவு’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ‘ஒப்பளவு பார்’ என்று வினையாக்கலாம். வெப்பமானிக்கும் ரத்த அழுத்தமானிக்கும் இதே சொல் செல்லும்.

காலிபரேஷனுக்கு ‘முத்திரை’ என்று அண்ணாநகர் நண்பர் சொன்னது அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் வேலை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. அது சட்டம் தரும் சான்று. வீட்டில் ஒப்பளவு பார்க்க நான் அரிசி மூட்டையைத்தான் நம்புகிறேன். (25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2022இல் ஆன பிறகு, கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. வரி புண்ணியத்தில் எனக்கு ஒரு படிக்கல் கிடைத்தது.) தண்ணீர் கேன் சரிவராது, ஒவ்வொரு கேனிலும் நிரப்பும் மட்டம் வேறு. ஆனால் ஒரே கேனை மூன்று முறை வைத்து, மூன்று முறையும் ஒரே எண் வருகிறதா என்று பார்க்கலாம்.

இன்னொன்று. இந்தக் கருவி உணர்வது விசையை. சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.783 மீ/வி², ஏட்டில் நிர்ணயித்த மதிப்பு 9.80665. அந்த மதிப்புக்கென்று தொழிற்சாலையில் அமைத்த கருவி, 70 கிலோ ஆளை இங்கே 170 கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். கருவியைப் பயன்படுத்தும் ஊரிலேயே ஒப்பளவு பார்க்கச் சொல்வது இதனால்தான்.

‘நிறை’ என்ற சொல்லைத் திரையில் எங்கும் போட வேண்டாம். நம் பாடநூலில் அது மாஸ். இலங்கைப் பாடநூலில் மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்குத்தான் நிறை. கொழும்பு நண்பர்களும் இந்தச் செயலியைப் பயன்படுத்துவார்கள். ‘எடை’ என்றால் வம்பில்லை.

‘பாத்ரூம் ஸ்கேல்’ என்பதற்கு ‘குளியலறைத் தராசு’ என்ற நேர்மொழிபெயர்ப்பையும் எடுத்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அது குளியலறையில் இல்லை, தட்டும் இல்லை. ‘ஆள் எடைக்கருவி’ போதும்.

‘தடை கழி’க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று மொழிபெயர்ப்புக் கோப்பினை அனுப்பிவிடுவேன்.