பத்து மரம் நட்டாத்தான் பட்டமாம்! சட்ட எண் என்ன?

பழைய_தாசில்:
நேற்று நம் குழுவில் வேர்விடும்_கை ஒரு படம் போட்டிருந்தார். பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண், கையில் மரக்கன்று. கீழே கொட்டை எழுத்தில், "பிலிப்பைன்ஸில் 10 மரம் நடாவிட்டால் பட்டம் கிடையாது. 2019 முதல் சட்டம். நம் பள்ளிகளில் எப்போது?" ஆளாளுக்கு இதயக்குறி போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

ஐயா, அது சட்டம் அல்ல, மசோதா. எண் 8728. 2019 மே மாதம் அவர்களுடைய கீழவையில் நிறைவேறியது. மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. ஜூனில் அந்த 17ஆவது காங்கிரஸின், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்தின், காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு போயிற்று. முப்பத்திரண்டு வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். வரைவு நகலைக் காட்டி "ஜி.ஓ. வந்தாச்சு" என்று மனை விற்றவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. சட்டம் என்றால் எண் இருக்கும். எண் என்ன?

வேர்விடும்_கை:
வந்துட்டீங்களா சார். மரம் நடுங்கன்னு சொன்னா அதுலயும் குத்தம். சட்டமோ மசோதாவோ, நோக்கம் என்னன்னு பாருங்க. கொண்டுவந்த எம்.பி. கேரி அலெஹானோ சொன்ன கணக்கு: வருஷத்துக்கு 17.5 கோடி மரம், ஒரு தலைமுறையில 52,500 கோடி மரம்! இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. உங்களுக்கு எண்தான் கண்ணுக்குத் தெரியுது. நீங்க வாழ்க்கையில ஒரு கன்னாவது நட்டிருக்கீங்களா?

பழைய_தாசில்:
நான் நட்டேனா இல்லையா என்பது இங்கே வழக்கு அல்ல. எண் என்ன?

கணக்கு என்று வந்ததால் கணக்கையே பார்ப்போம். அவர் சொன்னபடி வருடத்துக்கு ஆரம்பப் பள்ளி முடிப்பவர் 1.2 கோடி, உயர்நிலை 50 லட்சம், கல்லூரி 5 லட்சம். கூட்டினால் 1.75 கோடி பேர், தலைக்குப் பத்து, 17.5 கோடி. சரி. ஒரு தலைமுறை என்று முப்பது வருடத்துக்குப் பெருக்குங்கள், 525 கோடி வரும். 52,500 கோடி எப்படி வரும்? அவர் பில்லியனில் சறுக்கிவிட்டார், நூறு மடங்கு. பத்தில் ஒன்று பிழைத்தாலும் 52.5 கோடி என்று அதே பேச்சில் அவரே சொல்கிறார். அது 525 கோடிக்குத்தானே பொருந்தும்? சிலிர்ப்பதற்கு முன் ஒரு தடவை பெருக்கிப் பார்த்திருக்கலாம்.

சும்மா_வந்தேன்:
பெருக்கல் இருக்கட்டும், ஆரம்பமே உதைக்குதே. 1.2 கோடி பிள்ளைங்க ஒரே வருஷத்துல தொடக்கப்பள்ளி முடிக்கிறாங்களா? அந்த நாட்டு ஜனத்தொகையே 11 கோடி சொச்சம். ஒரு வயசுல 20 லட்சம், 25 லட்சம் பிள்ளைங்க இருந்தா அதிகம். ஆறு வகுப்புலயும் சேர்ந்து படிக்கிறவங்களை எல்லாம் முடிச்சவங்கன்னு எண்ணிட்டாங்க போல.

பழைய_தாசில்:
அதைத்தான் அடுத்த பதிவில் எழுத இருந்தேன். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

டவாவ்_டாக்டர்:
நான் பிலிப்பைன்ஸ்ல டவாவ் நகரத்துலதான் மருத்துவம் படிச்சேன். 2021ல பட்டம் வாங்கினேன். மரம் நட்டியான்னு ஒரு ஆளும் கேட்கல. கிளியரன்ஸ் பேப்பர் ஒண்ணு கொடுப்பாங்க. நூலகத்துல ஒரு கையெழுத்து, லேப்ல ஒண்ணு, பாக்கி ஃபீஸ் இல்லைன்னு கேஷியர்கிட்ட ஒண்ணு. அதுல மரத்துக்குன்னு கட்டமே இல்ல. இந்தப் படத்தை எனக்கு அனுப்பினதே எங்க சித்தப்பாதான், "நீ எத்தனை மரம்பா நட்டே"ன்னு கேட்டு. இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறார்.

வேர்விடும்_கை:
வெளிநாட்டு மாணவர்களுக்கு அது பொருந்தாம இருக்கலாம் தம்பி. இங்க சீட் கிடைக்காம அங்க போனவங்க அந்த நாட்டைப் பத்தி முழுசா பேச முடியாது. வெளிநாட்டுல மருத்துவம் படிச்சவங்க இங்க எழுதற தேர்வு, அந்த எஃப்.எம்.ஜி.இ. முடிச்சாச்சா?

டவாவ்_டாக்டர்:
முதல் தடவையிலேயே முடிச்சாச்சு அண்ணே. இப்ப அதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? என்கூட இருந்த பிலிப்பைன்ஸ் பசங்களும் நடலன்னுதான் சொல்றேன். ஒரு ஃபார்வர்டைக் காப்பாத்த என் படிப்பை இழுக்கறீங்க.

சும்மா_வந்தேன்:
ஆரம்பிச்சாச்சு. 🍿

ஆறாம்_வகுப்பு_டீச்சர்:
நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க பள்ளியில சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்புல இருக்கு. போன ஜூலையில 150 கன்னு லாரியில வந்து இறங்குச்சு. புங்கன், நாவல், பாதாம். மறுநாள் விழா, மேலதிகாரி வர்றார். குழி வெட்ட ஆள் இல்ல, ஏழாம் வகுப்புப் பசங்க கம்பியால நோண்டினாங்க. அவசரத்துல கருப்புப் பையைக் கிழிக்காம அப்படியே குழிக்குள்ள வச்சு மண்ணைத் தள்ளிட்டாங்க. போட்டோ எடுத்து ஏத்தியாச்சு. செப்டம்பர்ல பட்டுப்போன ஒரு கன்னைப் பிடிச்சு இழுத்தேன். பையோட வந்துச்சு. உள்ள வேர் நூல்கண்டு மாதிரி சுத்திச் சுத்திக் கிடந்துச்சு.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமா வைக்கணும்னு வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1991லயே சொல்லிடுச்சு. நாங்களும் பாடம் நடத்தறோம், பிள்ளைங்களும் பரீட்சை எழுதறாங்க. மே மாச லீவுல யார் தண்ணி ஊத்தறதுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அதுக்கு யாராவது வழி சொன்னா நல்லா இருக்கும்.

வேர்விடும்_கை:
டீச்சர், பையைக் கிழிக்காதது உங்க பள்ளியோட தப்பு. கன்னு கொடுத்தவங்களைக் குறை சொல்லாதீங்க. நாங்க கொடுக்கும்போது ஒவ்வொரு பள்ளியிலயும் சொல்லித்தான் கொடுக்கறோம். எந்த மாவட்டம் நீங்க?

ஆறாம்_வகுப்பு_டீச்சர்:
நான் யாரையும் குறை சொல்லலையே சார். தண்ணி யார் ஊத்தறதுன்னுதான் கேட்டேன்.

பழைய_தாசில்:
டீச்சரம்மா சொல்வது வேறு விஷயம். இங்கே கேள்வி ஒன்றுதான். சட்ட எண் என்ன?

வேர்விடும்_கை:
கிடைச்சுடுச்சு! ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து தேடினேன். 2011, அதிபர் அக்கினோ போட்ட ஆணை எண் 26. தேசியப் பசுமையாக்கத் திட்டம். 15 லட்சம் ஹெக்டேர்ல 150 கோடி மரம். மாணவர்கள், அரசு ஊழியர்கள் தலைக்கு வருஷம் குறைஞ்சது 10 கன்னு நடணும். 2015ல திட்டத்தை 2028 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. எண் எண்ணுன்னு உயிரை எடுத்தீங்களே, இந்தாங்க: 26. இப்ப மன்னிப்புக் கேட்பீங்களா?

பழைய_தாசில்:
எதற்கு மன்னிப்பு? அது நிர்வாக ஆணை. அதிலும் கல்வித் துறை அடையாளம் காட்டும் மாணவர்கள் என்று இருக்கிறது. பட்டம் கிடையாது என்று அதில் எங்கே இருக்கிறது? உங்கள் படத்தில் இருப்பது "நடாவிட்டால் பட்டம் கிடையாது".

உங்களுக்குச் சட்டம்தான் வேண்டும் என்றால் நானே தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். குடியரசுச் சட்டம் 9512, ஆண்டு 2008, பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி. சட்டம் 10176, ஆண்டு 2012, பன்னிரண்டு வயது நிரம்பிய உடல்நலம் உள்ளவர்கள் எல்லாம் வருடத்துக்கு ஒரு மரம் நட வேண்டும். அதற்கும் முன்னால் 1977இல் மார்க்கோஸ் போட்ட அதிபர் ஆணை 1153: மாதம் ஒரு மரம், தொடர்ந்து ஐந்து வருடம். அறுபது மரம்! 1987இல் அதை ரத்து செய்தார்கள். பத்துக்கே நீங்கள் சிலிர்க்கிறீர்கள்.

வேர்விடும்_கை:
அப்ப சட்டம் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு. நன்றி சார். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

பழைய_தாசில்:
பட்டம்! பட்டம்! நடாவிட்டால் பட்டம் கிடையாது என்ற சட்டத்தின் எண்! தமிழில்தானே கேட்கிறேன்?

டவாவ்_டாக்டர்:
மரம் நடறதையே வேணாம்னு நான் சொல்லல. அங்க கடலோரத்துல பள்ளிப் பசங்களைக் கூட்டிட்டுப் போய் அலையாத்தி நட வைப்பாங்க. பகாவ்னு பேரு, நம்ம சுரபுன்னை இனம். முருங்கைக்காய் மாதிரி நீட்டமா விதை தொங்கும். அப்படியே பறிச்சுச் சேத்துல குத்தினா வேலை முடிஞ்சது. பொறுக்கறதும் நடறதும் சுலபம்னு எங்க பார்த்தாலும் அதையே குத்தினாங்க. ஆனா அலை நேரா அடிக்கிற முன்வரிசையில இயற்கையா வர்றது வெண்கண்டல் மாதிரி வேற மரம். பகாவ் அங்க தாங்காது. பிரிமவேரா, எஸ்டெபான்னு ரெண்டு பேர் 2008ல எழுதின கட்டுரையில, இப்படி நட்டதுல கடைசியில நின்னது 10லேர்ந்து 20 சதவீதம்தான்னு இருக்கு. நட்டவங்க எல்லாரும் நல்ல மனசோடதான் நட்டாங்க.

வேர்விடும்_கை:
10 சதவீதம் வந்தாலும் லாபம்தானே? ஒண்ணுமே நடாம விரல் நுனியில பேசறதுக்கு அது மேல்.

பழைய_தாசில்:
ரயில் ஜன்னலில் இருந்து விதைப்பந்து வீசியவர் பேசுகிறார். இரண்டு வருடம் முன்பு இதே குழுவில், விழுப்புரம் தாண்டினதும் வீசினேன் என்று வீடியோ போட்டீர்களே. பந்து போய் விழுந்தது சரளைக்கல் மேல். அதில் எத்தனை முளைத்தது என்று அன்றே கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

வேர்விடும்_கை:
அதை இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா! அன்னைக்கு "களிமண் தலையில் இருந்து களிமண் பந்து"ன்னு எழுதினீங்க. எங்க வீட்டம்மா படிச்சுட்டு ரெண்டு நாள் சிரிச்சாங்க. நான் மறக்கல.

மட்டுறுத்துநர்:
இருவரும் தனிப்பட்ட தாக்குதலை நிறுத்தவும். விதைப்பந்து இழை ஏற்கெனவே பூட்டப்பட்டது. அதை இங்கே திறக்க வேண்டாம்.

சும்மா_வந்தேன்:
இத்தாலியில எல்லாப் பள்ளியிலயும் வருஷம் 33 மணி நேரம் காலநிலைப் பாடம்னும் ஒரு படம் சுத்துதே, அது உண்மையா, உருட்டா? இந்த இழை ஆறின பிறகு கேட்கலாம்னு இருந்தேன். ஆறாது போலிருக்கு.

பழைய_தாசில்:
பாதி உருட்டு. 2019 நவம்பரில் கல்வி அமைச்சர் ஃபியோராமோந்தி அறிவித்தார். டிசம்பரில் பதவி விலகிவிட்டார். 33 மணி நேரம் என்பது குடிமையியல் பாடம் முழுமைக்கும். அரசியலமைப்பு, நீடித்த வளர்ச்சி, இணையக் குடிமை என்று மூன்றும் அதற்குள் அடக்கம். ஆனால் ஒன்று, அதற்குச் சட்ட எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் 92ஆம் சட்டம். எண் உள்ள விஷயத்துக்கு நான் எப்போதாவது மறுப்புச் சொல்லியிருக்கிறேனா?

வேர்விடும்_கை:
படத்தை நான் எடுக்கப் போறதில்ல. அதைப் பார்த்துட்டு நேத்து ரெண்டு பேர் கன்னு கேட்டு போன் பண்ணாங்க.

பழைய_தாசில்:
எடுக்கச் சொல்லவில்லை. "சட்டம்" என்பதை அடித்து "மசோதா" என்று போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

வேர்விடும்_கை:
போட மாட்டேன். நீங்க கேட்டீங்கங்கறதுக்காகவே போட மாட்டேன்.

சும்மா_வந்தேன்:
டீச்சர், அந்த 150ல எத்தனை பிழைச்சுது?

ஆறாம்_வகுப்பு_டீச்சர்:
இன்னைக்குக் காலையில எண்ணினேன். புங்கன் 11, நாவல் 4. புங்கனை ஆடு தொடாது, அதனால தப்பிச்சுது. நாவல் நாலும் கை கழுவற குழாய்த் தண்ணி ஓடற வாய்க்கால் ஓரம். பாதாம் ஒண்ணுகூட இல்ல, சுற்றுச்சுவர் உடைஞ்ச பக்கமா ஆடு வந்து மேய்ஞ்சிடுச்சு. லீவுல குழாயும் ஓடாதே, அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

பழைய_தாசில்:
மொத்தம் 15. சரியாகப் பத்து சதவீதம்.

வேர்விடும்_கை:
பார்த்தீங்களா, அலெஹானோ சொன்ன அதே பத்து! அவர் சொன்னது சரின்னு உங்க வாயாலேயே வந்துடுச்சு.

பழைய_தாசில்:
சதவீதத்தைச் சொன்னேன். எண் என்ன?